வடகடலின் வான்துறைகள் – 6: கடலுக்குத் தெரியாத ஓடுபாதை

சென்ற இதழில் ரெய்க்யாவிக் நகரில் நின்றோம். 1940 அக்டோபரில் பிரிட்டிஷ் ராணுவம் அங்கே அமைக்கத் தொடங்கிய ஓடுபாதை, போர் முடிந்த பிறகு ஐஸ்லாந்துக்காரர்களின் கைக்கு வந்த கதையைப் பார்த்தோம். இந்த இதழிலும் அதே போர், அதே ராணுவம், அதே கடல்தான். ஊர் மட்டும் வேறு. ஐஸ்லாந்துக்கும் நார்வேக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவே, அட்லாண்டிக் பெருங்கடலில் 18 தீவுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஃபாரோ தீவுகள். எல்லாத் தீவுகளையும் சேர்த்தால் சுமார் 1,400 சதுர கிலோமீட்டர். இன்றைய மக்கள்தொகை 54,000 சொச்சம். டென்மார்க் முடியாட்சிக்குள் இருந்தபடியே தங்கள் வீட்டுக் காரியங்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் மக்கள்.

இந்தத் தீவுகளுக்கு இருப்பது ஒரே ஒரு விமான நிலையம். மேற்கு ஓரத்தில் உள்ள வாகர் தீவில் இருக்கிறது. உள்ளூர் மொழியில் அதன் பெயர் வாகா ஃபுளோக்ஹாவ்ன். ‘ஃபுளோக்’ என்றால் பறத்தல், ‘ஹாவ்ன்’ என்றால் துறைமுகம். நாம் விமானம் ‘நிற்கும்’ இடத்தை வைத்துப் பெயர் சொல்கிறோம். ஆயிரம் ஆண்டு படகோடிய மக்கள் அதையும் ஒரு துறையாகவே கண்டார்கள். இந்தத் தொடருக்குப் பெயர் தேடியபோது எனக்குக் கைகொடுத்தது இந்தச் சொல்தான்.

கதை 1940 ஏப்ரல் 9 அன்று தொடங்குகிறது. அன்று விடிகாலையில் ஜெர்மன் படை டென்மார்க்குக்குள் நுழைந்தது. சில மணி நேரத்தில் டென்மார்க் பணிந்தது. ஃபாரோ தீவுகளும் ஜெர்மனியின் கைக்குப் போனால் வட அட்லாண்டிக்கின் கப்பல் வழி முழுதும் ஆபத்துக்குள்ளாகும் என்று லண்டன் கணக்குப் போட்டது. ஏப்ரல் 11 அன்று நாடாளுமன்றத்தில் சர்ச்சில் அறிவித்தார். 13ஆம் தேதி பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள் தலைநகர் டோர்ஸ்ஹாவ்னில் இறங்கினார்கள். டென்மார்க்கின் ஆட்சியர் எதிர்ப்பைப் பதிவு செய்தார், துப்பாக்கி வெடிக்கவில்லை. அடுத்த ஐந்தாண்டுகள் இந்தத் தீவுகள் பிரிட்டனின் காவலில் இருந்தன. அதே ஏப்ரல் 25 அன்று ஃபாரோக்காரர்களின் சொந்தக் கொடியை பிரிட்டன் ஏற்றுக்கொண்டது. டென்மார்க் கொடியோடு போகும் கப்பலை எதிரிக் கப்பல் என்று நினைத்துவிடக் கூடாது என்ற போர்க்கால நடைமுறைதான் காரணம். ஆனாலும் அந்த நாளை அவர்கள் இன்றும் கொடி நாளாகக் கொண்டாடுகிறார்கள். அந்நியப் படை தன் வசதிக்காகச் செய்த ஒன்றை இந்த மக்கள் தங்களுடையதாக ஆக்கிக்கொண்ட முதல் நிகழ்ச்சி அது. இரண்டாவதுதான் ஓடுபாதை.

ஓடுபாதைக்கு இடம் தேடிய பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர்களுக்குத் தேர்ந்தெடுக்கப் பெரிதாக எதுவும் இல்லை. எரிமலைப் பாறை அடுக்கடுக்காக எழுந்து, கடலை நோக்கிச் செங்குத்தாக விழும் நிலம் இது. சமதளம் என்பது கடலோரத்தில் ஊர் உட்காரும் அளவுக்குத்தான். வாகர் தீவில் சோர்வாகுர் என்ற மீனவக் கிராமத்துக்கு மேலே, ஒரு பக்கம் கடற்கழியும் மறுபக்கம் நீண்ட ஏரியுமாக ஒரு மேட்டு நிலம் இருந்தது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 85 மீட்டர் உயரம். சுற்றிலும் மலை. அந்த இடம் பிடித்துப்போனதற்கு முதன்மையான காரணம், அது கடலிலிருந்து கண்ணுக்குத் தெரியாது என்பது. தீவைச் சுற்றி வரும் ஜெர்மன் போர்க்கப்பல் எவ்வளவு தேடினாலும் மலைதான் தெரியும். பீரங்கிக்கு இலக்கு கிடைக்காது.

இந்த ஒரு முடிவை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். விமானம் இறங்க வசதியான இடம் எது என்று கேட்டுத் தேர்ந்த நிலம் அல்ல இது. எதிரி பார்க்க முடியாத இடம் எது என்று கேட்டுத் தேர்ந்தது. கப்பலிடமிருந்து ஓடுபாதையை மறைத்த அதே மலைகள்தான் பிறகு எண்பதாண்டு காலம் விமானிகளிடமிருந்தும் அதை மறைத்தன. இந்த நிலையத்தின் வரலாறு முழுவதும் அந்தப் போர்க்காலக் கேள்விக்குச் செலுத்தி வந்த விலைதான் என்பது என் எண்ணம்.

சோர்வாகுரில் முகாம்கள் முளைத்தன. ஆடு மேய்ந்த புல்வெளியில் தகரக் கொட்டகைகள் வந்தன. ஏரியில் கடல்விமானங்கள் இறங்கின. மேட்டு நிலத்தை வெட்டிச் சமன்செய்து பாதை போட்டார்கள். 1942 இலையுதிர் காலத்தில் முதல் விமானம் அங்கே தரையிறங்கியது. அந்த ஆண்டுகளில் ஃபாரோ மீனவர்கள் ஐஸ்லாந்துக் கடலின் மீனை ஏற்றிக்கொண்டு பிரிட்டனுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். கண்ணிவெடிக்கும் நீர்மூழ்கிக்கும் விமானக் குண்டுக்கும் இருநூறுக்கும் மேற்பட்ட ஃபாரோ மாலுமிகள் பலியானார்கள். முப்பதாயிரம் பேர்கூட நிறையாத ஒரு சமூகத்துக்கு அது எத்தனை வீட்டு வாசல் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

போர் முடிந்தது. பிரிட்டிஷ் படை மூட்டை கட்டியது. ஓடுபாதை அப்படியே கிடந்தது. 1946இல் தனிநாடு ஆவதா என்று வாக்கெடுப்பு, 1948இல் தன்னாட்சிச் சட்டம் என்று அரசியலில் பெரிய திருப்பங்கள் நடந்தன. ஓடுபாதையின் பக்கம் யாரும் திரும்பவில்லை. டென்மார்க் போக வேண்டுமா, கப்பல்தான். கோபன்ஹேகனுக்கு அட்லாண்டிக் அலையில் நாள்கணக்கில் பயணம். படிக்கப் போகும் பிள்ளை, அறுவைச் சிகிச்சைக்குப் போகும் நோயாளி, தாயின் சாவுக்கு வர வேண்டிய மகன் எல்லோருக்கும் அதே கப்பல்தான். ஊருக்கு மேலே ஒரு ஓடுபாதை வெறுமனே கிடந்து புல் முளைத்துக்கொண்டிருந்தது.

அதை மீட்டெடுத்தது டென்மார்க் அரசு அல்ல. தீவு மக்கள்தான் முயற்சியைத் தொடங்கினார்கள். கை கொடுத்தது அண்டை வீடான ஐஸ்லாந்தின் விமான நிறுவனம். 1963இல் அந்த நிறுவனத்தின் டிசி-3 விமானம் வாகரில் இறங்கத் தொடங்கியது. அதுவும் போர்க்காலத்தில் பேர்பெற்ற விமான வகைதான். கரடுமுரடான தரையையும் குறுகிய பாதையையும் பொறுத்துக்கொள்ளும். சில ஆண்டுகளில் அந்தத் தடத்துக்கு இரட்டை டர்போ எஞ்சின் கொண்ட ஃபோக்கர் விமானங்கள் வந்தன. நிலையம் டென்மார்க் அரசின் விமானத் துறை நிர்வாகத்தில் இருந்தது. பதினெட்டு ஆண்டு உறங்கிய பாதை விழித்துக்கொண்டது.

விழித்த ஏழாம் ஆண்டில் அடி விழுந்தது.

1970 செப்டம்பர் 26. நார்வேயின் பெர்கனிலிருந்து 34 பேரோடு ஃபோக்கர் விமானம் ஒன்று வாகரை நோக்கி வந்துகொண்டிருந்தது. மேகம் தாழ்ந்திருந்தது. வாகருக்கு மேற்கே மிக்கினெஸ் என்று ஒரு தீவு. தீவுக்கூட்டத்தின் மேற்குக் கோடி. அதன் உச்சிக்கு க்னூக்குர் என்று பெயர், உயரம் 560 மீட்டர். விமானம் அந்த மலையில் மோதியது. 8 பேர் இறந்தார்கள். 26 பேர் உயிரோடு, பலர் காயத்தோடு, மேகத்துக்குள் மலைமேல் கிடந்தார்கள். நடக்க முடிந்த மூன்று பயணிகள் பனிமூட்டத்தில் வழி தெரியாத சரிவில் ஒரு மணி நேரம் இறங்கிக் கிராமத்தை அடைந்தார்கள்.

மிக்கினெஸ் சிறிய கிராமம். மலைச்சரிவில் ஆடு மேய்ப்பதும் பாறை விளிம்பில் கடற்பறவை பிடிப்பதும் அவர்கள் பிழைப்பு. செய்தி கேட்டதும் ஊரில் பெரும்பாலோர் மலையேறினார்கள். அந்த மலையின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தவர்கள். அங்கே வேறு எந்த மீட்புப் படையும் அவர்களுக்கு முன் வந்திருக்க முடியாது. பிறகு டென்மார்க்கின் காவல் கப்பல் ஹ்விட்பியோர்னன் வந்து, அதன் ஹெலிகாப்டர் காயம்பட்டவர்களை இறக்கியது. வான்பயணம் என்பது தலைநகரத்து வசதி என்று நினைக்கிறோம். அன்று அதைத் தாங்கிப் பிடித்தது கடைக்கோடித் தீவின் ஆட்டு மேய்ப்பர்கள்.

அங்கே விமானம் இறக்குவது ஏன் கடினம் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஓடையில் பெரிய பாறை கிடந்தால் தண்ணீர் அதன்மேல் ஏறி, பின்பக்கம் சுழித்துக்கொண்டு விழும் அல்லவா? காற்றும் அப்படித்தான். அட்லாண்டிக்கிலிருந்து தடையில்லாமல் வரும் காற்று மலைமேல் ஏறி, மறுபக்கத்துப் பள்ளத்தில் சுழலாக விழுகிறது. ஓடுபாதை இருப்பது அந்தப் பள்ளத்தில். வடமேற்கிலிருந்து வந்தால் இருபுறமும் மலை எழும் கடற்கழியின் மேலாக வர வேண்டும். தென்கிழக்கிலிருந்து வந்தால் ஏரியின் மேலாக. காற்று எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்பதைப் பொறுத்து, இறங்கலாமா கூடாதா என்பதற்கே தனி விதிகள் உண்டு.

கோடையில் காற்று அடங்கினால் மூடுபனி வரும். கடலிலிருந்து எழுந்து கழிவழியாக உள்ளே நுழையும் அந்தப் பனிக்கு உள்ளூரில் ‘மியோர்கி’ என்று பெயர். ஜூலைக் கடைசியில் ஓலாவ்ஸோகா என்ற தேசியத் திருவிழாவுக்கு டென்மார்க்கிலிருந்து ஊர் திரும்பும் கூட்டம் விமானம் நிறைய வந்துகொண்டிருக்க, கீழே தீவையே மியோர்கி மூடியிருக்கும். விமானம் சற்று நேரம் வட்டமிடும். விலகாவிட்டால் பெர்கனுக்கோ ஐஸ்லாந்துக்கோ போக வேண்டியதுதான். போர்க்காலத்தில் இங்கே காவலிருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் இந்தத் தீவுகளுக்கு ‘ஒருவேளை நாடு’ என்று பெயர் வைத்தார்கள். எதைக் கேட்டாலும் ‘கன்ஸ்கா’, அதாவது ‘ஒருவேளை’, என்றே பதில் வந்ததாம். வானத்தைப் பார்க்காமல் வாக்குக் கொடுக்க முடியாத ஊரில் அதுதான் நேர்மையான பதில்.

1987இல் தீவு அரசு தனக்கென்று ஒரு விமான நிறுவனத்தைத் தொடங்கியது. அட்லாண்டிக் ஏர்வேஸ். டென்மார்க்கின் சிம்பர் ஏர் நிறுவனம் பங்குதாரர். 1988 மார்ச்சில் கோபன்ஹேகனுக்கு முதல் பயணம். அவர்கள் தேர்ந்தெடுத்த விமானத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாகரின் ஓடுபாதை அன்று 1,250 மீட்டர். ஜெட் விமானங்கள் வழக்கமாகக் கேட்கும் நீளத்தில் ஏறக்குறையப் பாதி. பிஏஇ 146 என்ற பிரிட்டிஷ் விமானத்துக்கு இறக்கை உடலுக்கு மேலே, அதன் கீழே நான்கு சிறிய எஞ்சின்கள். வாலின் முனை இரண்டாகப் பிளந்து இதழ்போல் விரியும். காற்றில் அதுவே தடை. செங்குத்தாக இறங்கி, குறுகிய தூரத்தில் நிற்க வல்லது. தீவின் நிலத்துக்கென்றே செய்தாற்போல் பொருந்தியது. டென்மார்க்கின் மேர்ஸ்க் ஏர் நிறுவனமும் இதே குறுகிய பாதையில் போயிங் 737 வகை விமானங்களை இறக்கி வந்தது.

1996 ஆகஸ்ட் 3 அன்று மலை மறுபடியும் பலி கேட்டது. டென்மார்க் விமானப் படையின் சிறு ஜெட் ஒன்று வாகரில் இறங்க வருகையில் மலையில் மோதி, அதிலிருந்த 9 பேரும் இறந்தார்கள். டென்மார்க் முப்படைகளின் தலைவர் யோர்கன் கார்ட, அவர் மனைவி ஆகியோரும் அதில் இருந்தார்கள்.

வான்வழி ஒரு பக்கம் இருக்க, தரைவழியின் கதை தனி. நிலையம் இருப்பது வாகர் தீவில். தலைநகரமும் பெரும்பாலான மக்களும் கிழக்கே வேறு தீவுகளில். விமானத்திலிருந்து இறங்கியவர் படகுத்துறைக்குப் போய், நீரிணையைக் கடந்து ஸ்ட்ரேமோய் தீவின் வெஸ்ட்மன்னாவில் கரையேறி, அங்கிருந்து டோர்ஸ்ஹாவ்னுக்குச் சாலையில் போக வேண்டும். புயல் அடித்தால் விமானமும் இல்லை, படகும் இல்லை. 2002 டிசம்பர் 10 அன்று கடலுக்கு அடியில் 4.9 கிலோமீட்டர் நீளச் சுரங்கச் சாலை திறக்கப்பட்டது. கடல் மட்டத்துக்குக் கீழே 105 மீட்டர் ஆழம் வரை இறங்கி ஏறும் சாலை. ஃபாரோவின் முதல் கடலடிச் சுரங்கம் இதுதான். நிலையத்துக்குப் போகும் வழிக்காக முதல் சுரங்கத்தைத் தோண்டினார்கள் என்பதிலேயே அந்த ஓடுபாதையின் இடம் என்ன என்பது விளங்கும். இன்று தலைநகரிலிருந்து சுமார் முக்கால் மணி நேரம். 300ஆம் எண் பேருந்து போய்வருகிறது. பின்னாளில் எய்ஸ்டுரோய்க்கும் சான்டோய்க்கும் சுரங்கங்கள் வந்து, சான்டோய்க்காரர்களும் படகேறாமலே நிலையத்தை அடைகிறார்கள்.

2007 மே 1 அன்று விமான நிலையத்தை டென்மார்க்கிடமிருந்து தீவு அரசு தன் கைக்கு மாற்றிக்கொண்டது. ஒரு பழைய கேள்வி அப்போது கூர்மையாகியிருந்தது: ஓடுபாதை இதே இடத்தில்தான் இருக்க வேண்டுமா? தலைநகருக்குப் பக்கத்தில் கிளீவுர்ஸ்னெஸ், சான்டோய் தீவில் சோல்டுவிக் என்று வேறு இடங்களையும் ஆராய்ந்து பார்த்திருந்தார்கள். கடைசியில் வாகரையே நீட்டுவது என்று முடிவானது. சரியான முடிவு என்றே எனக்குப் படுகிறது. சுரங்கம் ஏற்கெனவே இருந்தது. அரை நூற்றாண்டாக அந்தப் பள்ளத்தின் காற்றைப் படித்த மனிதர்கள் இருந்தார்கள். புதிய இடத்தில் காற்றின் குணத்தை முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கும். அந்தப் பாடத்துக்கு என்ன கட்டணம் என்பது மிக்கினெஸ் மலைக்குத் தெரியும்.

2011 டிசம்பரில் நீட்டிய பாதை திறந்தது. 1,799 மீட்டர். அடுத்த மார்ச்சில் அட்லாண்டிக் ஏர்வேஸின் முதல் ஏர்பஸ் ஏ319 வந்து சேர்ந்தது. பாதை நீண்டதைவிட முக்கியமான மாற்றம் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பாதையில் நடந்தது. பழைய முறையில் தரையிலிருந்து வரும் வானொலி அலையைப் பிடித்து, விமானம் நேர்கோட்டில் இறங்க வேண்டும். மலைகளுக்கு நடுவே நேர்கோட்டுக்கு எங்கே இடம்? செயற்கைக்கோளை வைத்து இடமறியும் புதிய முறையில் கழியின் வளைவுக்கேற்ப வளைந்து வரலாம். வகுத்த கோட்டிலிருந்து கடல் மைலில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 185 மீட்டருக்குள் விமானம் நிற்க வேண்டும் என்பது அந்த முறையின் கண்டிப்பான வகை. ஐரோப்பாவில் அதை முதலில் கையாண்ட நிறுவனம் அட்லாண்டிக் ஏர்வேஸ்தான். பெரிய தலைநகரங்களின் பெரிய நிறுவனங்களுக்கு அது அவசரத் தேவையாக இருக்கவில்லை. இவர்களுக்கு அது வீட்டுக்குப் போகும் வழி. முன்பு பெர்கனுக்குத் திரும்பியிருக்க வேண்டிய பல விமானங்கள் இப்போது இறங்குகின்றன. மியோர்கி முற்றிலும் தோற்கவில்லை, வெகுவாகப் பின்வாங்கியிருக்கிறது.

நிலையத்தின் இன்றைய அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரே ஓடுபாதை. 2014இல் திறந்த புதிய முனையக் கட்டடம். கோபுரத்தில் இருப்பவர்கள் காற்றையும் வானிலையையும் மற்ற விமானங்களின் நிலையையும் சொல்வார்கள்; இறங்குவதா என்ற முடிவு விமானியுடையது. கோபன்ஹேகன் தடம்தான் உயிர்த்தடம், ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பறப்பு. அட்லாண்டிக் ஏர்வேஸோடு ஸ்காண்டிநேவிய நிறுவனமான சாஸும் பறக்கிறது. ஃபாரோ ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை என்பதால் டியூட்டி ஃப்ரீ கடை உண்டு. பெட்டி வருவதற்கு முன் ஊர்க்காரர்கள் முதலில் போகும் இடம் அதுதான். மது விற்பனைக்கு நெடுங்காலம் தடை இருந்து, 1992இல்தான் அரசுக் கடைகள் வந்த நாடு இது. இந்தப் பழக்கம் வேரூன்றியதில் வியப்பில்லை.

2020 கோடையில், பெருந்தொற்றின் நடுவில், வந்திறங்கிய ஒவ்வொருவருக்கும் இந்த முனையத்திலேயே பரிசோதனை செய்தார்கள். தீவில் வளர்ப்பு சால்மன் மீன்களை ஒரு வைரஸ் தாக்கியதிலிருந்து, மீன் நோயைக் கண்டறிய அங்கே ஓர் ஆய்வகம் இருந்தது. அந்த ஆய்வகத்தை மனிதர்களுக்கான கொரோனா பரிசோதனைக்கு விரைந்து மாற்றிக்கொண்டதால் இது முடிந்தது. ஒரே வாசல் உள்ள வீட்டுக்குக் காவல் எளிது. 2023 ஆகஸ்டில் அதே வாசலிலிருந்து நியூயார்க் மாநிலத்தின் ஸ்டூவர்ட் விமான நிலையத்துக்கு நேரடி விமானம் கிளம்பியது. ஓடுபாதையின் நீளமே தடையாக இருந்த இடத்திலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டிய பயணம்.

எனக்கு நெருக்கமானது வேறு ஒரு சேவை. நிலையத்தின் ஓரத்திலிருந்து கிளம்பும் ஹெலிகாப்டர். நோயாளியை டோர்ஸ்ஹாவ்ன் மருத்துவமனைக்குக் கொண்டுபோவது, கடலில் சிக்கிய மீனவரைத் தூக்குவது எல்லாம் அதன் பொறுப்பு. வாரத்தில் சில நாள் அது பேருந்துபோலவும் ஓடுகிறது. பாலமும் சுரங்கமும் எட்டாத சிறு தீவுகளுக்கு அரசு மானியத்தில் குறைந்த கட்டணம். கூட்டமாகப் போய்ப் பார்த்துவிட்டு வர அல்ல, அங்கே வாழ்பவர்களுக்காக. நாற்புறமும் செங்குத்துப் பாறை சூழ்ந்த ஸ்டோரா டீமுன் தீவில் ஒரே ஒரு பண்ணையின் மக்கள் மட்டுமே வாழ்கிறார்கள். அவர்களுக்குத் தபாலும் மளிகையும் விருந்தினரும் வருவது இதில்தான்.

அதே ஹெலிகாப்டர் மிக்கினெஸுக்கும் போகிறது. கோடையில் அங்கே சோர்வாகுரிலிருந்து படகு உண்டு. குளிர்காலத்தில் ஹெலிகாப்டர் ஒன்றுதான் வழி. வாகரில் எழும்பி, கழியைத் தாண்டி, சில நிமிடத்தில் க்னூக்குர் மலையைக் கடந்து கிராமத்தின் ஓரத்தில் இறங்கிவிடும். 1970இல் மூன்று பேர் பனிக்குள் ஒரு மணி நேரம் நடந்து இறங்கி வந்து கதவைத் தட்டிய கிராமம் அது. வானிலை சரியில்லை என்றால் ஹெலிகாப்டர் வராது. அடுத்து எப்போது வரும் என்று கேட்டால் இன்றும் அதே பதில்தான்: கன்ஸ்கா.

(தொடரும்)